டேபிளுக்கு அடியில இருக்குற காலையும் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

அக்டோபர் 12 உலக மூட்டுவாத தினத்துக்கு உங்க பேப்பர்ல ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. காலையில வாசல்படியில உக்காந்து ஒரு எழுத்து விடாம படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, முழங்கால் தேய்மானம் படம் போட்டிருந்துச்சு, கைவிரல் கோணிக்கிட்ட படம் இருந்துச்சு, இடுப்பு கழுத்து எல்லாம் வந்துருச்சு. பாதம் மட்டும் இல்ல. கணுக்காலும் இல்ல. எனக்கு அந்த நோய் ஆரம்பிச்சதே பாதத்துல தான், அத ஒருத்தரும் குனிஞ்சு பாக்காததால பதினாலு மாசம் வீணாப்போச்சு, அதனால தான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் மதுரை ஜெய்ஹிந்த்புரம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்ஷன்ல பதினேழு வருஷம் வேலை பாத்தேன். காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரைக்கு கடை ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்கணும், சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதுலயும் மாடிப்படி ஏறி இறங்குறதுல பாதி போயிரும். கவுண்டர்ல சாஞ்சு நின்னாலே சூப்பர்வைசர் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. அதனால காலு வலிக்குதுன்னா எங்க யாருக்குமே அது ஒரு நோயாவே தெரியாது, நிக்கிறவளுக்கு காலு வலிக்கத்தான் செய்யும்னு நாங்களே சொல்லிக்குவோம்.

2014 தீபாவளி சீசன் முடிஞ்ச பிறகு தான் எனக்கு ஆரம்பிச்சுச்சு, அப்ப எனக்கு முப்பத்தாறு வயசு. சீசன் முடிஞ்சா ஒரு வாரத்துல சரியாகுற வலி தான் எப்பவும் வரும், இது போகல. பகல்ல கூட பரவாயில்ல, விடியக்காலையில தான் உசுரு போகும். பாயிலருந்து எந்திரிச்சு தரையில கால வச்சா விரலுக்குக் கீழ இருக்குற அந்த மேடு இருக்குல்ல, அங்க யாரோ புளியங்கொட்டைய அள்ளிப் போட்டு அது மேல நடக்கச் சொன்ன மாதிரி இருக்கும், சுவத்தப் பிடிச்சுக்கிட்டே தான் பாத்ரூம் போவேன். வாசல் தெளிச்சுட்டு கோலம் போட குத்தவச்சு உக்காரலாம்னா கணுக்கால் மடங்காது. ரெண்டு காலுலயும் ஒரே மாதிரி. ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமா இளகும், பஸ் ஏறும்போது ஏதோ நடக்குற அளவுக்கு வந்துருவேன்.

இந்த ஒரு விஷயத்த அன்னிக்கு யாராவது எனக்கு சொல்லியிருந்தா போதும் அய்யா. தேய்மானத்துல வர்ற வலி நடக்க நடக்க கூடும், உக்காந்தா குறையும், காலையில இறுக்கம் இருந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள விட்டுரும். குதிகால் சவ்வு வீக்கத்துல வர்ற வலி காலையில எடுத்து வைக்கிற மொத நாலு அடிக்கு சுருக்குன்னு இருந்துட்டு அப்புறம் லேசாகும். ஆனா உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்ட தாக்குற வாதம் இருக்கு பாருங்க, அதுல காலையில இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல, ஒரு மணி நேரத்துக்கு மேல கூட நிக்கும், அசைய அசைய தான் இளகும், பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஜோடியா வரும். நான் எல்லாத்தையும் கடைசியில சொன்ன மாதிரியே அனுபவிச்சேன், ஆனா அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியல.

வீட்டுல எங்க அத்தை பாசத்தோட தான் சொன்னாங்க, செங்கல்ல அடுப்புல சுட வச்சு அது மேல எருக்க இலையப் பரப்பி குதிகால வச்சு எடுன்னு. ஒரு மாசம் வச்சேன். சூடு இதமாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல, ஆனா உள்ள எரியுற நெருப்புக்கும் அந்த சூட்டுக்கும் சம்பந்தமே இல்ல. வாயுன்னாங்க, கிழங்கு நிறுத்தினேன். தெருவுல ஒரு அக்கா இது 2006ல வந்த சிக்குன்குனியாவோட மிச்சம்னு சொன்னாங்க, அதையும் நம்புனேன், ஏன்னா அந்த வருஷம் எங்க தெருவே படுத்துக்கிடந்துச்சு, நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல சந்தேக கேஸ்னு கணக்கு சொன்னாங்க, காய்ச்சல் போன பிறகும் கணுக்கால் வீக்கம் மாசக்கணக்குல போகாம இருந்தவங்கள நானே பாத்திருக்கேன். ஆனா எட்டு வருஷம் சும்மா இருந்துட்டு புதுசா வர்ற வலிக்கு பழைய காய்ச்சல் மேல பழி போட்டது தப்பு.

அப்புறம் மெடிக்கல்ல செட்டு மாத்திரை. ஒரு சின்ன கவர்ல மூணு மாத்திரை, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு ரொம்ப பொடிசா இருக்கும். மறுநாள் காலையில வலியே இல்ல. நான் அழுதுட்டேன் சந்தோஷத்துல. நாலஞ்சு மாசம் அத வாங்கித் தின்னேன், மூஞ்சி உருண்டையா வீங்கிருச்சு, பசி எடுத்துக்கிட்டே இருக்கும், எங்க வீட்டுல யாருக்குமே இல்லாத சுகர் எனக்கு 210 காட்டுச்சு. அந்தப் பொடிசு மாத்திரை ஸ்டீராய்டுன்னு ரொம்ப பின்னாடி தான் தெரிஞ்சுச்சு. ஸ்டீராய்டு கெட்டதுன்னு நான் சொல்ல வரல, டாக்டர் பாத்து அளந்து கொஞ்ச நாளைக்குக் கொடுக்குறது வேற, கவர்ல போட்டு ஆளு யாருன்னே தெரியாம கொடுக்குறது வேற, திடீர்னு நிறுத்துனாலும் ஆபத்து. அது வலிய மறைச்சு வைக்கும், உள்ள எலும்பு அரிக்கிறத முழுசா நிறுத்தாது.

மெட்டி கதைய சொல்லணும். எனக்கு ரெண்டாவது விரல்ல வெள்ளி மெட்டி, கல்யாணத்தன்னிக்கு அம்மி மேல கால வச்சு போட்டது, அதுக்கு அப்புறம் கழட்டுனதே இல்ல. 2015 ஆடியில அந்த விரலோட அடி வீங்கி மெட்டி சதைக்குள்ள புதைஞ்ச மாதிரி ஆயிருச்சு, சோப்பு போட்டு பாத்தேன், நூல சுத்தி இழுத்துப் பாத்தேன், விரல் நீலமா மாற ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல உக்கார வச்சு பட்டறைக்கு கூட்டிட்டுப் போனாரு. அந்த ஆசாரி வயசானவரு, என் காலைத் தூக்கி தன் முட்டி மேல வச்சுக்கிட்டு மெல்லிசா ஒரு தகட்ட விரலுக்கும் வெள்ளிக்கும் நடுவுல சொருகி, தோலுல படாம அரம் வச்சு ராவி ராவி வெட்டி எடுத்தாரு, இருபது நிமிஷம் ஆச்சு. முடிச்சுட்டு விரல தடவிப் பாத்துட்டு சொன்னாரு, தாயி இது மெட்டி இறுகுன வீக்கம் இல்ல, மூட்டே வீங்கியிருக்கு, சூடா இருக்கு பாரு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு. அதுவரைக்கும் நான் நாலு டாக்டர்ட்ட போயிருந்தேன் அய்யா. என் காலக் கையில எடுத்துப் பாத்த மொத ஆளு அந்த ஆசாரி தான்.

டாக்டருங்கள திட்டறதுக்காக சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊருல கிளினிக் வாசல்லயே செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போறோம், வெறுங்காலோட தான் டாக்டர் முன்னாடி ஸ்டூல்ல உக்காருறோம், இத விட வசதி ஒரு டாக்டருக்கு கிடைக்குமா. ஆனா காலு டேபிளுக்கு அடியில இருக்கு, சேலை மறைச்சிருக்கு, வெளிய நாப்பது பேரு டோக்கனோட நிக்கிறாங்க. நமக்கும் காலைத் தூக்கிக் காட்ட கூச்சம், பெரியவங்க முன்னாடி காலை நீட்டக்கூடாதுன்னு தான வளத்திருக்காங்க. ஒரு எலும்பு டாக்டர் முழங்கால எக்ஸ்ரே எடுத்தாரு, நார்மல். இன்னொருத்தர் யூரிக் ஆசிட் பாத்தாரு, 6.4, உடனே கவுட்டுன்னு, அதாவது யூரிக் ஆசிட் உப்பு மூட்டுல படிஞ்சு வர்ற வாதம்னு சொல்லி பருப்பு தக்காளி கறி மீனு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாரு, நானும் ரசத்துல கூட தக்காளி இல்லாம நாலு மாசம் சாப்பிட்டேன். யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட இருக்குற எத்தனையோ பேருக்கு கவுட்டு வர்றதே இல்லன்னும், மாசவிலக்கு நிக்காத பொம்பளைங்களுக்கு கவுட்டு ரொம்ப அபூர்வம்னும் பின்னாடி தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

2016 பொங்கலுக்கு அப்புறம் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி.ல ஒரு சின்னப் பொண்ணு, ஹவுஸ் சர்ஜனா இருந்திருக்கும், எம்பொண்ண விட பத்து வயசு கூட இருக்கும் அவ்வளவு தான். அக்கா காலை இந்த ஸ்டூல்ல வைங்கன்னுச்சு. விரலெல்லாம் ஆரம்பிக்கிற இடத்துல, பெருவிரல் பக்கம் ஒரு கை விரலும் சுண்டுவிரல் பக்கம் கட்டை விரலுமா வச்சு, கை குலுக்குற மாதிரி லேசா ஒரு அமுக்கு. நான் கத்திட்டேன். மறு காலையும் அமுக்குச்சு, அதுலயும் அப்படித்தான். கையிலயும் அதே மாதிரி முட்டிகளச் சேத்து அமுக்குச்சு, அங்க லேசா தான் வலிச்சுச்சு. பத்து செகண்டு தான் அய்யா ஆச்சு. அதுக்கு மெஷின் வேணாம் கரண்ட் வேணாம். அந்த டெஸ்ட் மட்டுமே வச்சு நோய் இதுதான்னு சொல்ல முடியாது, ஆனா மூட்டுவாத டாக்டர்ட்ட அனுப்பணுமான்னு முடிவு பண்ண அது உதவும். அன்னிக்கே உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டுற ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, மூட்டுவாதத்துக்குன்னே பாக்குற ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பின்னு ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்து, கை எக்ஸ்ரேயோட பாதத்துக்கும் எக்ஸ்ரே எழுதுச்சு. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். ஆன்டி சி.சி.பி பாசிட்டிவ். கை எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. பாதத்துல சுண்டுவிரலோட அடி எலும்புல ஓரமா எலி கடிச்ச மாதிரி ஒரு அரிப்பு.

முடக்குவாதம்னு சொன்னாங்க, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். அந்தப் பேரக் கேட்டதும் எங்க வீட்டுக்காரரு பக்கவாதம்னு நெனச்சு மூஞ்சி வெளுத்துட்டாரு, ரெண்டும் வேற வேற. நூறு பேருல ஒருத்தருக்கு கிட்ட வர்ற நோய் இது, ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூட வருது. மூட்டுக்குள்ள ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு, மூட்டுக்கு எண்ணெய் விடுற வேலை அதோடது, உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு அந்த சவ்வ தாக்கும்போது அது தடிச்சு வீங்கி பக்கத்துல இருக்குற எலும்ப அரிக்க ஆரம்பிக்கும். ஒரு பாதத்துல 26 எலும்பு, 33 மூட்டு. எங்கெல்லாம் சவ்வு இருக்கோ அங்கெல்லாம் போகும். இந்த நோய் இருக்கவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரு வரைக்கும் ஏதாவது ஒரு கட்டத்துல பாதமோ கணுக்காலோ பாதிக்கும்னு டாக்டருங்களே சொல்றாங்க, அதுலயும் எக்ஸ்ரேயில அரிப்பு மொதல்ல தெரியுற இடங்கள்ல ஒண்ணு அந்த சுண்டுவிரல் அடி மூட்டு தான். அத எடுத்துப் பாக்காம கைய மட்டும் எக்ஸ்ரே எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டா என்ன ஆகும்னு சொல்லுங்க.

கவனிக்காம விட்டா, விரல் மூட்டு விலகி விரலெல்லாம் மேல தூக்கிக்கும், பெருவிரல் மத்த விரல் பக்கம் சாஞ்சு பக்கத்துல முண்டு வரும், முன்பாதத்துக்கு அடியில இயற்கையா இருக்குற கொழுப்பு மெத்தை முன்னாடி நகந்துரும், அப்புறம் நடக்குறது தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாம தான், நான் சொன்ன புளியங்கொட்டை அது தான். கணுக்காலுக்கு உள்பக்கமா ஓடுற தசைநார் வீங்கி நைஞ்சு போனா பாதத்தோட வளைவு இறங்கி தட்டையாகும், குதிகால் வெளிப்பக்கமா சாயும். உங்க பழைய செருப்பத் திருப்பிப் பாருங்க, என்னோடது உள்பக்கம் மட்டும் தேஞ்சு மெழுகு மாதிரி ஆயிருந்துச்சு. மொத மூணு மாசத்துக்குள்ள, போனா ஆறு மாசத்துக்குள்ள சரியான மருந்த ஆரம்பிச்சா இதுல பெரும்பகுதிய தடுக்கலாம். எனக்கு பதினாலு மாசம்.

மருந்து ஆரம்பிச்சு மூணு வருஷத்துல நல்லா இருந்தேன். 2019ல செக்கப்புக்குப் போனப்ப டி.ஏ.எஸ் 28ன்னு ஒரு ஸ்கோர் போட்டாங்க, 2.6க்கு கீழ இருந்தா நோய் அடங்கிருச்சுன்னு அர்த்தமாம், எனக்கு 2.3. சந்தோஷமா மாத்திரைய குறைக்கலாம்னாங்க. எனக்கு கால் வலிச்சுக்கிட்டு தான் இருந்துச்சு. எம்பொண்ணு அப்ப பதினொண்ணாப்பு, அவ தான் போனுல தேடிப் பாத்து சொன்னா, அம்மா அந்த 28 மூட்டுல பாதம் இல்லம்மான்னு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால், அவ்வளவு தான் அந்த 28. கணுக்கால் கிடையாது, கால்விரல் கிடையாது. அதுக்கு முன்னாடி 44 மூட்டு எண்ணுற கணக்குல பாதம் இருந்துச்சாம், நேரம் மிச்சமாகணும், எண்ண சுலபமா இருக்கணும்னு 1995ல 28க்கு வந்திருக்காங்க. அவங்க காரணம் எனக்குப் புரியுது, நாப்பது பேரு வரிசையில நிக்கிற இடத்துல எண்ணிப் பாக்குறதுக்கு ஒரு வசதி வேணும், கணுக்கால் வீக்கம் வேற நூறு காரணத்துலயும் வரும். ஆனா என்னைய மாதிரி பாதத்துல மட்டும் நோய் உக்காந்திருக்குறவ அந்தக் கணக்குல குணமானவ. அடுத்த தடவை நான் வெக்கத்த விட்டு டாக்டர்ட்ட காலைக் காட்டுனேன், அவரு உடனே அமுக்கிப் பாத்து ஸ்கேன் எழுதுனாரு, ஸ்கேன்ல ரெண்டு பாதத்துலயும் சவ்வு வீக்கம் இருந்துச்சு, மாத்திரைய குறைக்கல, கூட்டுனாரு. நல்ல மனுசன். என்கிட்டயே இனிமே நீங்க வந்த உடனே காலைக் காட்டிருங்கன்னு சொன்னாரு.

மருந்த பத்தி ஒண்ணு சொல்லணும், இது ரொம்ப முக்கியம். எனக்கு கொடுக்குறது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துல ஒரே ஒரு நாள். எனக்கு ஞாயித்துக்கிழமை. மறுபடி சொல்றேன், வாரத்துக்கு ஒரு நாள், தினமும் இல்ல. எங்க ஓ.பி. வரிசையில ஒரு பெரியம்மா வீட்டுல யாரும் படிச்சு சொல்ல ஆளில்லாம தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணுக்கள் இறங்கி ஆஸ்பத்திரியில சேத்து வச்சிருந்தாங்க, உசுரு பொழைச்சதே பெருசு. அட்டையில தமிழ்ல பெருசா வாரம் ஒரு முறை மட்டும்னு போட்டா என்ன, கம்பெனிங்க போடாட்டி மருந்து கொடுக்குற கவுண்டர்லயாவது ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம்ல. இந்த மருந்து சாப்பிடுறப்ப சாராயம் கூடாது, புள்ளத்தாச்சிங்க சாப்பிடக்கூடாது, கொழந்தைக்கு பாக்குறவங்க மொதல்லயே டாக்டர்ட்ட சொல்லணும், ஈரல் டெஸ்டும் ரத்த அணு டெஸ்டும் டாக்டர் சொன்ன தேதிக்கு எடுக்கணும். பக்கவிளைவு குறையுறதுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை தனியா கொடுப்பாங்க.

எம்பொண்ணு இப்ப பி.ஃபார்ம் படிக்கிறா. அவ சொல்லித்தான் தெரிஞ்சுச்சு, நான் போடுற இந்த ரெண்டு மாத்திரைக்குப் பின்னாலயும் ஒரே மனுசன் இருக்காருன்னு. எல்லப்பிரகட சுப்பாராவ், 1895ல பீமவரத்துல பொறந்தவரு, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவரு. காந்தி சொன்னாருன்னு கதர்ல சர்ஜரி கோட்டு போட்டதுக்காக வெள்ளைக்கார புரொபசர் கோபப்பட்டு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காம அத விடக் கீழான எல்.எம்.எஸ். தான் கொடுத்திருக்காங்க. 1923ல அமெரிக்கா போயி பின்னாடி லெடர்லிங்கிற மருந்து கம்பெனியில ஆராய்ச்சிக்குத் தலைமையா இருந்தப்ப அவரோட டீம் தான் ஃபோலிக் ஆசிட்ட ஆய்வுக்கூடத்துல செஞ்சாங்க, அதுக்கு எதிரா வேலை செய்யுற மெத்தோட்ரெக்ஸேட்டும் அங்கருந்து தான் வந்துச்சு. அப்ப அது ரத்தப் புற்றுநோய்க்கு. அவரு 1948லயே போயிட்டாரு. அதையே ரொம்ப கம்மி டோஸ்ல வாரம் ஒரு தடவை மூட்டுவாதத்துக்கு கொடுக்கலாம்னு அமெரிக்காவுல அனுமதி கொடுத்தது 1988ல. ஞாயித்துக்கிழமை அந்த மஞ்ச மாத்திரைய கையில எடுக்குறப்ப அவர நெனச்சுக்குவேன், மனசுல ஒரு கும்பிடு போட்டுட்டு தான் முழுங்குவேன்.

என் நோய மட்டும் சொல்லி நிறுத்துனா சரியா இருக்காது, ஏன்னா பாதத்துல வர்ற வாதம் ஒண்ணு ரெண்டு இல்ல. எங்க பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கு வந்தது நெசமாவே கவுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு பெருவிரல் செவந்து போர்வை பட்டாலே அலறுவாரு. அவருக்கு யூரிக் ஆசிட் உப்பு ஊசி ஊசியா மூட்டுக்குள்ள படிஞ்சது. வலி நின்ன உடனே மாத்திரைய நிறுத்திருவாரு, மூணு மாசத்துல மறுபடி வரும், இப்ப தான் தொடர்ந்து சாப்பிட்டு 6க்கு கீழ வச்சிருக்காரு, வரல. அட்டாக் வந்த அன்னிக்கு டெஸ்ட் எடுத்தா நார்மல்னு கூட காட்டும்னு அவருக்கு சொன்னாங்க. என் மதினி மகன் இருபத்தி நாலு வயசு, ரெண்டு குதிகாலும் வலின்னு ரெண்டு வருஷம் செருப்பு மாத்தி மாத்தி போட்டுக்கிட்டு இருந்தான், கூடவே விடியக்காலையில முதுகு இறுகும், அத யாருகிட்டயும் சொல்லல, ரெண்டையும் சேத்துச் சொன்ன பிறகு தான் அது முதுகெலும்பு வாதம்னு கண்டுபிடிச்சாங்க. சோரியாசிஸ் இருக்குறவங்களுக்கு ஒரு கால்விரல் முழுசும் வாழைப்பூ மொக்கு மாதிரி வீங்கும், நகத்துல ஊசி குத்துன மாதிரி பொத்தல் இருக்கும், தோல் டாக்டர்ட்ட போறப்ப இதையும் காட்டணும். கணுக்கால் தேய்மானம் முழங்கால் மாதிரி சும்மா வயசால வர்றது கம்மி, பத்துல ஏழு எட்டு பேருக்கு பழைய முறிவோ சுளுக்கோ தான் காரணம், அதனால பைக்குல விழுந்து கணுக்கால உடைச்சுக்கிட்ட பசங்க கட்டு பிரிச்சதோட முடிஞ்சுச்சுன்னு விட்டுறக்கூடாது. சுகர் ரொம்ப நாளா இருக்குறவங்களுக்கு பாதம் திடீர்னு வீங்கி சூடா இருந்து, ஆனா வலி பெருசா இல்லேன்னா அத வாதம்னு நெனச்சு நடந்துக்கிட்டு இருக்காதீங்க, உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டு இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், அந்தக் கால ஊனவே கூடாது.

செருப்பு. வீட்டுக்குள்ள நாம எல்லாருமே வெறுங்கால் தான், மொசைக்கும் டைல்ஸும் காலையில ஐஸ் மாதிரி இருக்கும், எனக்கு வீட்டுக்குள்ளயே செருப்பு போட சொன்னாங்க, எங்க அத்தைக்கு மொதல்ல மனசு ஒப்பல, சாமி ரூம் பக்கம் மட்டும் வேணாம்னு சொல்லி அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. எனக்கு எம்.சி.ஆர். செருப்பு, உள்ள பஞ்சு மாதிரி ரப்பர், விரல் மேட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன மேடு வச்சு தச்சுக் கொடுத்தாங்க, அது எலும்பு மேல விழுற பாரத்த பின்னாடி தாங்கிக்குது. அந்த ரப்பர் செருப்பு நம்ம வேலூர் கரிகிரி பக்கம் தொழுநோயாளிங்களுக்காக பாடுபட்டவங்களால தான் பேரு எடுத்துச்சு, கொல்லிமலையில பொறந்த பால் பிராண்ட் டாக்டர் மாதிரி ஆளுங்க உணர்ச்சி இல்லாத காலுக்கு என்ன செருப்பு வேணும்னு உக்காந்து யோசிச்சாங்க. தொழுநோய்க்கும் சுகர் காலுக்கும் இப்ப அத கொடுக்குறாங்க. வலி தெரியாத காலுக்கு கொடுக்குற அதே செருப்ப வலியில துடிக்கிற வாதக் காலுக்கும் அரசாங்கம் கொடுக்கலாம். என் செருப்புக்கு நான் ரெண்டு மாசம் சீட்டுப் பணத்த எடுத்து தான் கட்டுனேன், எல்லாராலயும் முடியாது.

கடையில உக்காருற விஷயம். 2021ல நம்ம தமிழ்நாட்டு சட்டசபையில கடை நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார வசதி செஞ்சு கொடுக்கணும்னு போட்டாங்க. கேரளாவுல 2018லயே வந்துருச்சு. அந்த செய்திய உங்க பேப்பர்ல படிச்ச அன்னிக்கு நான் வேலைய விட்டு நாலு வருஷம் ஆயிருச்சு, ஆனாலும் கடையில இருக்குற புள்ளைங்களுக்கு போன் பண்ணி சொன்னேன். இப்ப போயி பாத்தா சில கடையில ஸ்டூல் இருக்கு, சில கடையில ஸ்டூல் இருந்தும் உக்காந்தா மொறைக்கிறாங்க, சில இடத்துல அதுவும் இல்ல. நிக்கிறதால முடக்குவாதம் வராது, அத நான் தெளிவா சொல்லிடறேன், ஆனா வந்த காலுக்கு பன்னண்டு மணி நேரம் நிக்கிறது கொடுமை, அதுவும் போக எல்லா வலிக்கும் நிக்கிறதையே காரணமா சொல்லி சொல்லி நோய கண்டுபிடிக்கிறதே தள்ளிப்போகுது.

கடைசியா ஒரு கோரிக்கை, இத சுகாதாரத்துறைக்கு போய்ச் சேருற மாதிரி போடுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க, எங்க தெருவுக்கும் ஒரு தங்கச்சி வருது, பிரஷர் பாக்குது, சுகர் பாக்குது, மாத்திரை கொடுத்துட்டுப் போகுது. தங்கமான புள்ளை. அவ எங்க வீட்டுக்குள்ள வந்து பாயில உக்காருறா, அவ முன்னாடி எங்க அத்தை தயங்காம காலை நீட்டுறாங்க. அந்த மாதிரி புள்ளைங்களுக்கு அந்தப் பத்து செகண்டு அமுக்குறத மட்டும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தா போதும். காலையில எந்திரிச்சா எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்குன்னு ஒரு கேள்வி, விரலடிய சேத்துப் பிடிச்சு ஒரு அமுக்கு, ஆறு வாரத்துக்கு மேல வீக்கம் இருந்தா மூட்டுவாத டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, ஆனா எல்லாரும் அங்க போக முடியாது, மத்த ஊருலயும் வாரத்துல எந்தக் கிழமை எங்க மூட்டுவாத ஓ.பி. நடக்குதுன்னு மாவட்டவாரியா ஒரு சின்ன கட்டம் போட்டு உங்க பேப்பர்ல வெளியிட்டா ரொம்ப பேரு வெட்டி எடுத்து வச்சுக்குவாங்க.

என்கிட்ட என் பாதத்தோட எக்ஸ்ரே ரெண்டு இருக்கு, 2016ல எடுத்தது ஒண்ணு, போன வருஷம் எடுத்தது ஒண்ணு. மொத படத்துல சுண்டுவிரல் எலும்புல இருக்குற அந்தக் கடி, எட்டு வருஷத்துக்கு மேல ஆகியும் ரெண்டாவது படத்துல ஒரு நூலளவு கூட பெருசாகல, மருந்து அங்கயே நிறுத்தி வச்சிருக்கு. அடுத்த தடவை மூட்டுவாதம் பத்தி பக்கம் போடுறப்ப முழங்கால் படத்துக்குப் பக்கத்துல இந்த ரெண்டையும் போடுறதா இருந்தா சொல்லுங்க, பேரு இல்லாம போட்டுக்கோங்க, நானே நேர்ல கொண்டாந்து கொடுத்துட்டுப் போறேன்.

இப்படிக்கு,
சேலைக்கடையில வேலை பாத்த ஒரு வாசகி,
ஜெய்ஹிந்த்புரம், மதுரை.